கோபுரத்தை அண்ணாந்து பார்க்கையில் தலை சுற்றினால்

மார்கழி மாதத்து விடியற்காலை. பெருமாள் கோயில் வாசலில் இன்னும் இருள் பிரியவில்லை. திருப்பள்ளியெழுச்சிக்கு வந்த எழுபத்திரண்டு வயது மூதாட்டி ஒருவர், ராஜகோபுரத்தின் முன் நின்று, இரு கைகளையும் தலைக்கு மேல் குவித்து, கலசங்களை அண்ணாந்து நோக்கினார். அந்தக் கணத்தில் கோபுரமே பம்பரம்போல் சுழன்றது. கால்கள் நிலைகொள்ளவில்லை. உடன் வந்த மருமகள் தாங்கிப் பிடித்துப் படியில் அமர்த்தினாள். அரை நிமிடத்தில் சுழற்சி நின்றுவிட்டது. ஆயினும் வயிற்றைப் புரட்டியது, நெஞ்சு படபடத்தது. "பெருமாளே, எனக்குப் பக்கவாதம் வந்துவிட்டதே" என்று அவர் கலங்கினார். அன்றிரவு படுக்கையில் வலப்புறம் திரும்பியபோது மீண்டும் அதே சுழற்சி. அதன்பின் மூன்று இரவுகள் அவர் படுக்கவே அஞ்சி, சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே உறங்கினார். கோயிலுக்கும் போகவில்லை.

அதே வாரத்தில், அடுத்த தெருவில் வசித்த எழுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர் வைகுண்ட ஏகாதசிக்கு முழு உபவாசம் இருந்தார். துவாதசி விடியற்காலையில் பாராயணம் முடித்து எழுந்தபோது அவருக்கு இலேசான தள்ளாட்டம் தோன்றியது. சுழற்சி என்று சொல்லும்படி எதுவும் இல்லை. நடக்கையில் உடம்பு இடப்பக்கமாக இழுத்தது, அவ்வளவுதான். "நேற்றெல்லாம் பட்டினி, பித்தம் தலைக்கேறியிருக்கும்" என்று மனைவி இஞ்சி முரப்பா கொடுத்தார். அதை விழுங்குவதற்குள் புரையேறியது. பின்னர் விக்கல் தொடங்கி நிற்காமல் நீடித்தது. குரல் கம்மியதற்கு மார்கழிப் பனி காரணமாயிற்று. "சற்றுப் படுத்து எழுந்தால் சரியாகிவிடும்" என்று சொல்லி அன்று முழுவதும் அவர் படுத்திருந்தார். மறுநாள் காலை வெளியூரிலிருந்து வந்த மகன், தந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைக் கண்டு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றான். மூளையின் பின்பகுதிக்குச் செல்லும் இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டிருந்தது.

உலகமே சுழன்ற மூதாட்டிக்கு நேர்ந்தது உயிருக்கு ஊறு செய்யாத ஒரு காதுக் கோளாறு. கொஞ்சம் தள்ளாட்டம் என்று படுத்துக்கொண்ட பெரியவருக்கு நேர்ந்ததுதான் பக்கவாதம். இத்தகைய இரு நிகழ்ச்சிகள் எந்த ஊரிலும், எந்தக் கோயில் தெருவிலும் நிகழக்கூடியவை. தலை எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதைக் கொண்டு ஆபத்தை அளக்க இயலாது. அது எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, கூடவே வேறு என்ன வருகிறது என்னும் மூன்றையும் கவனித்தால்தான் வீட்டில் இருக்கலாமா, உடனே வண்டி ஏற வேண்டுமா என்பது புலப்படும்.

தமிழில் தலைசுற்றல் என்ற ஒரே சொல் பல துன்பங்களைச் சுமக்கிறது. அறை சுழல்வதும் தலைசுற்றல். எழுந்து நிற்கையில் கண் இருட்டி மயக்கம் வருவதும் தலைசுற்றல். தலை தெளிவாக இருக்கக் கால்கள் மட்டும் தள்ளாடுவதும் தலைசுற்றல். பசியால் வரும் சோர்வுக்கும் அதே பெயர்தான். போதாக்குறைக்கு, எல்லாவற்றையும் பித்தம் என்ற ஒரு கூடையில் போட்டு மூடிவிடும் வழக்கமும் வீடுகளில் உண்டு. ஆகவே மருத்துவரிடம் செல்பவர் "தலை சுற்றுகிறது" என்று மட்டும் கூறி நிறுத்தாமல், "படுக்கையில் புரண்டால் சுற்றுகிறது", "எழுந்தால் கண் இருட்டுகிறது", "நடந்தால் ஒரு பக்கம் சாய்கிறேன்" என்று விரித்துச் சொல்வது பாதி நோயைக் கண்டறிந்ததற்குச் சமம்.

முதலில் மூதாட்டிக்கு நேர்ந்ததைப் பார்க்கலாம். செவி என்பது கேட்பதற்கு மட்டும் அமைந்த உறுப்பன்று. உட்செவியில் மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. அவற்றுள் ஒரு திரவம் நிரம்பியிருக்கிறது. தலை திரும்பும்போது அத்திரவம் சற்றுப் பின்தங்கி நகர்கிறது; அந்த அசைவைக் கொண்டே தலை எத்திசையில் திரும்புகிறது என்பதை மூளை அறிகிறது. பூஜை முடிவில் ஆத்மப் பிரதட்சிணம் செய்பவர்கள் இதனைத் தம் அனுபவத்திலேயே காணலாம். மூன்று முறை தன்னைத் தானே சுற்றி நின்ற பின்னும், குழாயிலுள்ள திரவம் சில விநாடிகள் ஓடிக்கொண்டே இருக்கிறது. உடல் நின்றுவிட்டது, மூளையோ இன்னும் சுற்றுவதாக எண்ணுகிறது. முதியவர்கள் ஆத்மப் பிரதட்சிணத்தை மிக மெதுவாக, அருகில் ஒரு தூணோ நாற்காலியோ இருக்கும் இடத்தில் செய்வது நல்லது.

காதுக்கும் தலைசுற்றலுக்கும் உள்ள இந்தத் தொடர்பை ஆராய்ந்து நிறுவியவர்களுள் முக்கியமானவர் வியன்னாவில் பிறந்த ராபர்ட் பாரானி என்ற மருத்துவர். நோயாளிகளின் காதைக் குளிர்ந்த நீரால் கழுவும்போது அவர்களுக்குத் தலை சுற்றுவதையும், கண்கள் ஒரு பக்கமாகத் துடிப்பதையும் அவர் கவனித்தார். வெந்நீரால் கழுவினால் துடிப்பு எதிர்த்திசையில் மாறியது. இவ்வாராய்ச்சிக்காக 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அச்செய்தி எட்டியபோது அவர் முதல் உலகப் போரில் ரஷ்யர்களிடம் சிறைப்பட்டிருந்தார்.

உட்செவியில், தலையின் சாய்வை உணர்த்துவதற்கென நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் ஒரு மெல்லிய சவ்வின்மீது ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வயது முதிர முதிர அவற்றுள் சில உதிர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் புகுந்துவிடுகின்றன. பின்னர் தலையை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சாய்க்கும்போதெல்லாம் அத்துகள்கள் உருண்டு, இல்லாத சுழற்சியை இருப்பதாக மூளைக்கு அறிவிக்கின்றன. கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பது, பரணிலிருந்து பாத்திரம் எடுப்பது, கோலமிடக் குனிவது, படுக்கையில் புரள்வது ஆகிய நான்கும் இதனைத் தூண்டும் செயல்கள். சுழற்சி கடுமையாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். காது கேட்பதிலோ பேச்சிலோ மாற்றம் இராது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது மிகுதி. எலும்பு மெலிந்தவர்களிடமும் வைட்டமின் டி குறைந்தவர்களிடமும் அதிகமாகக் காணப்படுகிறது.

இதற்கு மாத்திரை மருந்தாகாது. துகளை வந்த வழியே திருப்பி அனுப்புவதுதான் மருந்து. அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1992இல் விரிவாக எழுதி வெளியிட்ட ஒரு முறை இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. நான்காம் நாள் அந்த மூதாட்டியைக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். மருத்துவர் அவரை நீண்ட மேசைமீது அமர்த்தி, தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று பின்புறமாகச் சாய்த்தார். கருவிழிகள் துடித்தன, சுழற்சி வந்தது. "அம்மா, கண்ணை மூடாதீர்கள், இதோ நின்றுவிடும்" என்று மருமகள் கையைப் பற்றிக்கொண்டாள். துடிப்பு நின்றதும் தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பி, உடலையும் ஒருக்களிக்கச் செய்து, கடைசியில் எழுப்பி உட்காரவைத்தார். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அன்றிரவு மூதாட்டி படுத்து உறங்கினார். பெரும்பாலோருக்கு ஓரிரு முறை செய்தாலே இது குணமாகிவிடுகிறது. சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மீண்டும் வருவதும் உண்டு, அப்போது மீண்டும் அதே சிகிச்சைதான். எந்தக் காது, எந்தக் குழாய் என்பதை அறியாமல் கைப்பேசியில் காணொளியைப் பார்த்து வீட்டில் செய்துகொள்வது முதியவர்களுக்கு உகந்ததன்று. கழுத்தெலும்பு தேய்ந்தவர்களுக்குத் தீங்காகவும் முடியலாம்.

காதினால் வரும் வேறு சில தலைசுற்றல்களும் உண்டு. காதில் இரைச்சலும் அடைப்பும் செவிடும் சேர்ந்து சில மணி நேரம் சுழற்சி நீடிப்பது ஒன்று. சளிக் காய்ச்சலை ஒட்டி நாட்கணக்கில் சுழல்வது மற்றொன்று. திடீரென்று ஒரு காது கேளாமற்போனால் மட்டும் நாள் கடத்தலாகாது. முதல் சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு மிகுதி.

கோயிலுக்குச் செல்லும் முதியோரிடம் அடிக்கடி காணப்படும் இன்னொரு வகை, எழுந்து நிற்கையில் கண் இருட்டுவது. படுத்திருப்பவரோ உட்கார்ந்திருப்பவரோ எழுந்தவுடன் அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்குகிறது. இளமையில் இரத்தக் குழாய்கள் உடனே இறுகி அதனை மேலே தள்ளிவிடும். முதுமையில் அச்செயல் தாமதிக்கிறது. அதனோடு இரத்த அழுத்த மாத்திரையும், நீர் பிரியும் மாத்திரையும், புரோஸ்டேட் வீக்கத்துக்கான மாத்திரையும் சேர்ந்தால் தாமதம் மேலும் கூடும். நெடுநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தச் செயலை நடத்தும் நரம்புகளே பழுதுபட்டிருக்கலாம். சந்நிதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கிவிட்டு, பின்னால் வரிசை நெருக்குகிறதே என்று சட்டென்று எழும்போது கண் இருட்டி விழுபவர் பலர். விழுந்து எழும் வழிபாட்டில் முதலில் மண்டியிட்டு அமர்ந்து, பத்து எண்ணி, பிறகு எதையேனும் பற்றிக்கொண்டு எழ வேண்டும். பின்னால் நிற்பவர் பொறுத்துக்கொள்வார்.

இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். ஐந்து நிமிடம் படுத்திருந்து இரத்த அழுத்தம் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒரு முறையும், மூன்றாம் நிமிடத்தில் ஒரு முறையும் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 புள்ளியோ, கீழ் அளவு 10 புள்ளியோ குறைந்தால் அச்சீட்டை மருத்துவரிடம் காட்டலாம். மாத்திரையின் அளவையோ வேளையையோ அவர் மாற்றுவார். தலை சுற்றுகிறது என்பதற்காக இரத்த அழுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்துவது, குழிக்கு அஞ்சிக் கிணற்றில் விழுவதற்கு ஒப்பாகும். உட்கார்ந்த நிலையில் மட்டும் அழுத்தம் பார்த்து "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று அனுப்பப்படும் முதியவர்கள் நிற்கும்போதும் ஒரு முறை பார்க்கும்படி தயங்காமல் கேட்கலாம்.

தரிசன வரிசையில் மணிக்கணக்கில் அசையாமல் நிற்பவர்களுக்கும் இதே நிலை நேரும். காற்றோட்டமில்லாத கூடமும், கற்பூரப் புகையும், வெறும் வயிறும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை. நிற்கும்போது குதிகாலை அவ்வப்போது உயர்த்தி இறக்குவதும், தொடைத் தசைகளை இறுக்கித் தளர்த்துவதும் இரத்தத்தை மேலே ஏற்றும். வியர்த்து, கொட்டாவி வந்து, காது அடைப்பதுபோல் தோன்றினால் அந்த இடத்திலேயே தரையில் அமர்ந்துவிட வேண்டும். சந்நிதி வாசலாயினும் சரி, வரிசையின் நடுவாயினும் சரி. வெட்கப்பட்டு நின்று, கருங்கல் தரையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்பவர்களைக் காட்டிலும் உட்கார்ந்தவர் எவ்வளவோ புத்திசாலி.

விரதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏகாதசியன்று தண்ணீரும் அருந்தாமல் இருந்தால்தான் புண்ணியம் முழுமையடையும் என்று பல முதியவர்கள் கருதுகின்றனர். மருந்து விழுங்கினால் விரதம் பங்கமாகும் என்று எண்ணி அன்றைய மாத்திரைகளைத் தள்ளிவிடுவோரும் உண்டு. சாஸ்திரம் அவ்வளவு கடுமையாக இல்லை. மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் விதுரர் திருதராஷ்டிரனுக்கு அறம் உரைக்குமிடத்தில், விரதத்தைக் கெடுக்காதவை என்று எட்டினைக் கூறுகிறார். நீர், கிழங்கு, பழம், பால் ஆகியவை அவற்றுள் அடங்கும், குருவின் சொல்லும் அடங்கும், மருந்தும் அடங்கும். ஏகாதசி உபவாசம் எட்டு வயதுக்கு மேற்பட்டு எண்பது நிரம்பாதவர்க்கே கடமை என்றும் தர்ம சாஸ்திர நூல்கள் வரம்பு வகுத்துள்ளன. எண்பதைக் கடந்தவர் பாலும் பழமும் உட்கொண்டு பகவானை நினைத்திருந்தால் எவரும் குறை கூற இயலாது.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களும் விரதத்துக்குச் சில நாட்கள் முன்பே மருத்துவரைக் கேட்டு அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். மருந்து உள்ளே சென்று உணவு செல்லாவிட்டால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடும். குளிர்ந்த வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல், காரணமில்லாத கோபம் ஆகியவை அதன் அறிகுறிகள். சில இதய மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும் மிஞ்சும். சோதனைக் கருவியில் 70க்குக் கீழ் இருந்தால், நினைவு தெளிவாக உள்ளவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். வோக்ளிபோஸ், அகார்போஸ் என்னும் மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை மெதுவாகத்தான் வேலை செய்யும். அவர்களுக்குக் குளுக்கோஸ் பொடியே ஏற்றது. கோயிலுக்குச் செல்லும் பையில் ஒரு சிறு பொட்டலம் இருப்பது நலம். அன்று விரதமாயிற்றே என்ற தயக்கம் இந்த இடத்தில் கூடவே கூடாது.

துவாதசிப் பாரணைக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. நெடுநேரப் பட்டினிக்குப் பின் வயிறு நிறைய உண்டதும் இரத்தம் குடலுக்குத் திரும்புவதால், முதியவர்களுக்கு ஓரிரு மணி நேரம் இரத்த அழுத்தம் தாழ்வதுண்டு. அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் வழக்கப்படி இருக்கட்டும். சோற்றின் அளவைக் குறைத்துக்கொண்டு, உண்டபின் சற்று அமர்ந்திருந்து எழுவது போதும்.

இனி, அந்தப் பெரியவரின் கதைக்கு வர வேண்டும். மூளையின் பின்பகுதியில்தான் உடலின் சமநிலையையும், விழுங்குவதையும், குரலையும் ஆளும் இடங்கள் உள்ளன. அங்கே இரத்த ஓட்டம் தடைப்பட்டால், பலரும் அறிந்திருக்கும் கை கால் செயலிழப்பு வராமலேயே போகலாம். வாய் கோணாமலும் இருக்கலாம். ஒரு பக்கமாகச் சாய்வது, துணையின்றி நிற்கவோ நடக்கவோ இயலாமை, உருவங்கள் இரண்டாகத் தெரிவது, நாக்குக் குழறுவது, தண்ணீர் புரையேறுவது, நிற்காத விக்கல், முகத்தின் ஒரு பாதி மரத்துப்போவது, முன் எப்போதும் இல்லாத கடுமையான தலைவலி அல்லது பிடரி வலி ஆகியவற்றுள் ஒன்று தலைசுற்றலோடு சேர்ந்து வந்தாலும் அது வீட்டில் வைத்துப் பார்க்கும் நோயன்று. தலைசுற்றல் வந்தவரை, மயக்கம் இல்லையெனில், இருபுறமும் ஆள் நிற்க மெல்ல எழுப்பி நிற்கச் சொன்னால் ஒன்று தெரியும். காதுத் துகளால் வந்த சுழற்சி அடங்கியபின் பெரும்பாலோர் நடந்துவிடுவர். சுற்றல் இலேசாக இருந்தும் ஒருவரால் தனியே நிற்க முடியவில்லை எனில், மூளையைச் சந்தேகிக்க வேண்டும்.

அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்தைப் பொதுவாக, அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து இரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஆகவே வீட்டில் கழியும் ஒவ்வொரு கால் மணியும் அந்தக் கணக்கிலிருந்துதான் குறைகிறது. தமிழகத்தில் 108 எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால் கட்டணமின்றி ஆம்புலன்ஸ் வரும். பக்கத்துத் தெரு மருத்துவகத்தில் சீட்டு வாங்கிக் காத்திருப்பதைவிட, ஸ்கேன் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு நேரே செல்வதே முறை. அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கிற்று என்பதை ஒருவர் குறித்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் கேட்கும் முதற்கேள்வி அதுவாகத்தான் இருக்கும். மூளையின் பின்பகுதி அடைப்பு தொடக்கத்தில் சி.டி. ஸ்கேனில் தெரியாமற்போவதும் உண்டு. ஸ்கேன் நன்றாயிருக்கிறது என்று சொல்லப்பட்ட பின்னும் தள்ளாட்டம் நீங்கவில்லையெனில் எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேட்பதில் தவறில்லை.

அந்தப் பெரியவர் மருத்துவமனையை அடைந்தபோது ஒரு பகலும் ஓர் இரவும் கடந்துவிட்டன. கரைக்கும் மருந்துக்கு வேளை தப்பிப்போயிற்று. மூக்கு வழியே குழாய் செலுத்தி மூன்று வாரம் கஞ்சி புகட்டினார்கள். "அப்பா, அன்று ஒரு போன் செய்திருக்கக் கூடாதா?" என்று மகன் கேட்டபோது, "ஏகாதசிக் களைப்பு என்றுதான் நினைத்தேன், நீ வீணாக அலைவாயே என்று விட்டுவிட்டேன்" என்றார் கம்மிய குரலில். வேலையில் இருக்கும் பிள்ளைகளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்னும் இந்த எண்ணம், முதியோர் மருத்துவமனைக்குத் தாமதமாக வந்து சேர்வதற்கு ஒரு பெரிய காரணம்.

மூளையைப் போலவே இதயமும் தலைசுற்றலாகத் தன் குறையைச் சொல்வதுண்டு. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நாடித் துடிப்பு மிக மெதுவாகவோ தாறுமாறாகவோ ஓடுவது, முன்னறிவிப்பின்றிச் சட்டென்று மயங்கி விழுவது ஆகியவை இருந்தால் அன்றே இ.சி.ஜி. எடுக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வலியில்லாமலும் வரும். மூட்டுவலி மாத்திரைகளை நெடுநாள் உட்கொள்பவர் தார்போல் கறுத்த மலம் கழித்துத் தலை சுற்றினால் குடலில் இரத்தக் கசிவு இருக்கலாம். இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். எதனால் என்பதை மருத்துவர்தான் பிரித்தறிய வேண்டும். தலைசுற்றி விழுந்து மண்டையில் அடிபட்டவர், இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை உட்கொள்பவராயின், காயமே தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உள்ளே கசியும் இரத்தம் மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ கழித்துத்தான் தன்னைக் காட்டும்.

தலைசுற்றல் மாத்திரைகளைப் பற்றியும் ஒரு சொல். சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவை கடும் சுழற்சியையும் வாந்தியையும் அடக்க இரண்டு மூன்று நாட்களுக்குப் பயன்படுபவை. மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் உட்கொள்ளும் முதியவர்களுக்குக் கைநடுக்கமும், உடல் விறைப்பும், நடை தளர்வும் உண்டாகலாம். பிறகு அந்த நடுக்கத்துக்கு வேறொரு மாத்திரை! கழுத்து எலும்புத் தேய்மானமே காரணம் என்று பட்டை கட்டிக்கொண்டு ஆண்டுகள் கழிப்போரும் உண்டு. எழுபது வயதைக் கடந்த எவருடைய கழுத்தைப் படம் எடுத்தாலும் தேய்மானம் தெரியும்; அதுவே தலைசுற்றலுக்குக் காரணம் என்று முடிவு கட்ட அது போதாது.

கோயிலில் ஒருவர் மயங்கினால், கூட்டத்தை விலக்கிக் காற்று வர வழி செய்து, அவரைப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். நினைவு திரும்பாதவர் வாயில் தீர்த்தமோ தண்ணீரோ ஊற்றலாகாது. அது மூச்சுக் குழலில் இறங்கிவிடும். மூச்சு இருந்து நினைவு மட்டும் இல்லாதவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழைக்க வேண்டும். தாமே எழுந்து உட்கார்ந்தவருக்கும் அன்றைய பிரதட்சிணம் போதும். துணையோடு வீடு திரும்பட்டும்.

மருமகள் இப்போது மாமியாரின் கைப்பையில் ஒரு சிறு அட்டையை வைத்திருக்கிறாள். அவர் உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்கள், அளவு, எந்தெந்த நோய்கள் உள்ளன, எந்த மருந்து ஒவ்வாது, யாரை அழைக்க வேண்டும் என்பன அதில் பெரிய எழுத்தில் இருக்கின்றன. தைப்பூசத்தன்று மூதாட்டி மறுபடியும் கோயிலுக்கு வந்தார். கோபுரத்திலிருந்து சற்று விலகி நின்றுகொண்டார். அவ்வாறு நின்றால் கழுத்தை அதிகம் வளைக்காமலே கலசம் தெரிகிறது. ஒரு கையால் மருமகளின் தோளைப் பற்றிக்கொண்டு, மற்றொரு கையை மட்டும் உயர்த்தினார்.